திரும்பி வந்தவரும் கடைசிச் சொல்லும்

2008 ஜனவரியில் நான் பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தேன். பெர்த் டெஸ்ட் நடந்துகொண்டிருந்த வாரம் அது. சிட்னியில் நடந்த சண்டையின் சூடு இன்னும் ஆறாததால், விடுதியில் இருந்த ஒரே டிவியில் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் வைக்க முடியாது. ராத்திரி கும்பல் கலைந்தபிறகுதான் கால்பந்து பார்க்கும் நாங்கள் ஐந்தாறு பேர் ரிமோட்டைக் கைப்பற்றுவோம். அப்படி ஓர் இரவில் விளையாட்டுச் செய்தியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தைக் காட்டினார்கள். குளிரில் மைதானத்துக்கு வெளியே கூட்டம். எங்கு பார்த்தாலும் கருப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. நடுவயதுக்காரர் ஒருவர் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

'யாராவது செத்துட்டாங்களா மச்சான்?' என்றான் பக்கத்தில் இருந்தவன்.

'இல்லடா, பழைய மேனேஜர் திரும்பி வர்றாரு' என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் அன்று முழுசாகப் புரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன்.

வந்தவர் கெவின் கீகன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இங்கிலாந்துக் கால்பந்தின் மேனேஜரை கிரிக்கெட் கோச்சோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆடும் அணியைத் தேர்ந்தெடுப்பது, ஆட்டமுறையை வகுப்பது, எந்த வீரரை வாங்கலாம் யாரை விற்கலாம் என்று முடிவெடுப்பது, இந்த மூன்றும் மரபாக ஒரே ஆளின் வேலை. இந்த மூன்றாவது வேலையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

கீகன் 1982-இல் வீரராக நியூகாசிலுக்கு வந்தவர். இரண்டு வருடம் ஆடி, அணியை முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டு, வழியனுப்பு ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவிலிருந்தே ஹெலிகாப்டரில் ஏறிப் போனவர். 1992 பிப்ரவரியில் மேனேஜராகத் திரும்பியபோது கிளப் இரண்டாம் டிவிஷனிலிருந்தும் கீழே விழும் நிலையில் இருந்தது. கடைசி ஆட்டத்தில்தான் தப்பித்தார்கள். அடுத்த ஆண்டே பட்டம் வென்று பிரீமியர் லீகுக்குள் நுழைந்தார்கள். 1995-96 பருவத்தில் ஜனவரியில் 12 புள்ளிகள் முன்னிலை. கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 4 புள்ளிகள் பின்னால் இரண்டாமிடம். 1997 ஜனவரியில், கிளப் பங்குச் சந்தைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில், விலகினார்.

கணக்குப் பார்த்தால் அந்த ஐந்து வருடத்தில் அவர் பெரிய கோப்பை எதையும் வெல்லவில்லை. ஆனாலும் அந்த ஊரில் அவருக்கு 'ராஜா' என்று பட்டம். நிலக்கரியும் கப்பல் கட்டுவதும் படுத்துப்போன ஊர். நகரத்தின் நடுவே, மேட்டில், எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானம். பெரிய கிளப் என்றால் ஊருக்கே அது ஒன்றுதான். அப்படிப்பட்ட ஊரின் அணி திடீரென்று நாட்டிலேயே மிக அழகாக ஆடுகிற அணியாக ஆகிவிட்டது. கோப்பை வராவிட்டாலும், திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவன் தலைநிமிர்ந்து போனான். அதைக் கொடுத்தவரை எப்படி மறப்பார்கள்?

*

2008-இல் கிளப்பின் உரிமையாளர் புதியவர். ஸ்போர்ட்ஸ் டைரக்ட் கடைகளின் அதிபர் மைக் ஆஷ்லி, 2007 கோடையில் சுமார் 13 கோடி பவுண்டு கொடுத்துப் பங்குகளை வாங்கியிருந்தார். அவர் வருவதற்குச் சற்று முன்பு பழைய நிர்வாகம் நியமித்திருந்த மேனேஜர் சாம் அலர்டைஸ். அவருடைய ஆட்டம் ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. ஜனவரி 9 அன்று அவரை அனுப்பினார் ஆஷ்லி. ஒரே வாரத்தில், ஜனவரி 16 அன்று, கீகன் வருகிறார் என்று அறிவித்தார்.

உடனே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தார்கள். ஒரு தரப்பு: இவர் நம்ம ஆளு, இந்த ஊரின் நாடி தெரிந்தவர், இவரைவிட யார் வேண்டும்? இன்னொரு தரப்பு: பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஆட்டமே மாறிவிட்டது. மூன்று வருடமாகக் கிளப் கால்பந்திலேயே இல்லாமல், கிளாஸ்கோ பக்கத்தில் 'சாக்கர் சர்க்கஸ்' என்று ஒரு விளையாட்டுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தவர். அதைவிட முக்கியம், இவர் பாதியில் விட்டுப் போகிற ஆள். 1997-இல் போனார். 2000-இல் வெம்பிளியில் ஜெர்மனியிடம் தோற்ற அன்றே இங்கிலாந்து அணியை விட்டுப் போனார். பழைய குருடி கதவைத் திறடி என்று எத்தனை தடவை?

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆட்ட முடிவுகளும் மாறி மாறி இருவருக்கும் தீனி போட்டன. கீகன் பொறுப்பேற்று முதல் எட்டு லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. 'அப்பவே சொன்னோமே' என்றது இரண்டாம் தரப்பு. பிறகு மார்ச் 22 அன்று ஃபுல்ஹாமை வென்று, டாட்டன்ஹாம், ரெடிங் என்று வரிசையாக வென்று, எதிரி ஊரான சண்டர்லாந்தையும் வென்றார்கள். இப்போது முதல் தரப்பு சொன்னது, 'அப்பவே சொன்னோமே.' பருவம் முடியும்போது பன்னிரண்டாம் இடம். யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை.

என் குறை இதுதான். இரண்டு தரப்பும் ஆளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. அவர் நல்லவரா, பழையவரா, விட்டுப் போவாரா என்று. அவர் உட்காரப்போகிற நாற்காலியை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. கீகன் வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் டென்னிஸ் வைஸ் என்பவர் கால்பந்துக்கான நிர்வாக இயக்குநராக நியமிக்கப்பட்டார். லண்டன்காரர். நியூகாசிலுக்கு 450 கிலோமீட்டர் தள்ளி, லண்டனில் இருந்தபடியே வேலை. வீரர்களைத் தேடுவதும் வாங்குவதும் அவர் பக்கம். அப்படியானால் கடைசிச் சொல் யாருடையது? மேனேஜருக்குத்தான் என்று கிளப் வெளியே சொன்னது. ரசிகர்களும் நம்பினார்கள். ராஜாவையே கூட்டிவந்தவர் பொய் சொல்வாரா?

*

அந்தக் கேள்விக்குப் பதில் 2009 அக்டோபரில் வந்தது. மைதானத்திலிருந்து வரவில்லை, தீர்ப்பாயத்திலிருந்து வந்தது. பிரீமியர் லீகின் மேனேஜர்களுக்கான நடுவர் தீர்ப்பாயம், கீகனுக்கும் கிளப்புக்கும் நடந்த வழக்கில் கொடுத்த தீர்ப்பு அது. சமீபத்திய கால்பந்து எழுத்துகளில் கவனமாக வாசிக்க வேண்டிய ஒரு பிரதி என்று அதைச் சொல்வேன். சட்ட மொழிதான், ஆனால் உள்ளே இருக்கும் கதை நம் ஆபீஸ் கதை.

2008 ஆகஸ்ட் கடைசி. வீரர்களை வாங்குவதற்கான கெடு முடியப்போகிறது. வைஸ் கீகனுக்கு போன் செய்து இக்னாசியோ கொன்சாலெஸ் என்ற உருகுவே வீரர் ஒருவரைக் கடனாக எடுக்கலாம் என்கிறார். கீகன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. யூடியூபில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று பதில் வருகிறது. கீகன் பார்க்கிறார். வீடியோவும் சுமார், அதில் அவர் பார்த்த ஆட்டமும் சுமார். வேண்டாம் என்கிறார். ஆனாலும் ஒப்பந்தம் போடப்படுகிறது. ஏன்? இரண்டு தென்னமெரிக்க ஏஜென்டுகளுக்கு ஓர் உதவி செய்து வைத்தால் பின்னாளில் நல்ல வீரர்கள் வரும்போது நம்மை நினைத்துப் பார்ப்பார்கள் என்பது கணக்கு. கொன்சாலெஸ் நியூகாசிலுக்காக ஆடியது மொத்தம் இரண்டே ஆட்டம், இரண்டிலும் மாற்று வீரராக. செப்டம்பர் 4 அன்று கீகன் விலகினார்.

கடைசிச் சொல் மேனேஜருடையது என்றுதான் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும், அதை மீறியதன் மூலம் கிளப்தான் அவரை வெளியேற வைத்தது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. 20 லட்சம் பவுண்டும் வட்டியும் கொடுக்கச் சொன்னது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது பணம் அல்ல. மேனேஜருக்கே கடைசிச் சொல் என்று நீங்களே வெளியே அறிவித்தீர்களே என்று கேட்டபோது, அது வெறும் மக்கள் தொடர்புக்காகச் சொன்னது என்று கிளப் தரப்பு விளக்கம் சொன்னது. அதாவது, ரசிகர்களிடம் சொன்னதை நாங்கள் அர்த்தத்தோடு சொல்லவில்லை, அதைப் போய் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று. தீர்ப்பாயம் இந்த விளக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

இந்த இடத்தைப் படித்தபோது அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஆள் நினைவுக்கு வந்தார். அவருடைய கண்ணீரும் அந்த மக்கள் தொடர்புக் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது.

நமக்குத் தெரிந்த கதையில், ராமன் இல்லாத அயோத்தியில் பரதன் பாதுகையை அரியணையில் வைத்து ஆண்டான். அது பாதுகை என்று ஊருக்குத் தெரியும். ஆள்வது யார், யாருக்காக ஆள்கிறான் என்பதும் தெரியும். ஒளிவுமறைவு கிடையாது. நியூகாசிலில் ராஜாவே நேரில் வந்துவிட்டார், ஆனால் அவரைப் பாதுகையாக வைத்துக்கொண்டார்கள். அரியணையில் இருப்பது பாதுகைதான் என்று ஊருக்கு மட்டும் சொல்லவில்லை; ரொம்ப நாள் அந்தப் பாதுகைக்கே சொல்லவில்லை.

இதே கீகன் 1995 ஜனவரியில் ஆண்டி கோலை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார். அணியில் அதிக கோல் அடிப்பவரை எதிரிக்கே விற்றால் சும்மா இருப்பார்களா? ரசிகர்கள் மைதான வாசலில் கூடிவிட்டார்கள். கீகன் படிக்கட்டில் வந்து நின்று, இது என் முடிவு, காரணம் இது, தப்பாகப் போனால் நான்தான் பொறுப்பு என்கிற தோரணையில் நேருக்கு நேர் பதில் சொன்னார். கூட்டம் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தார். 2008-இல் கொன்சாலெஸை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க எந்தப் படிக்கட்டுக்குப் போவது? முடிவெடுத்தவர் லண்டனில். பதில் சொல்ல வேண்டியவர் நியூகாசிலில். அவருக்கே பதில் தெரியாது.

'விட்டுப் போகிற ஆள்' என்ற குற்றச்சாட்டையும் இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்க்கலாம். 1992 மார்ச்சில், சேர்ந்த சில வாரத்திலேயே, வீரர்களை வாங்கத் தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை என்று கிளம்பிவிட்டார். பணம் உறுதியானதும் திரும்பி வந்தார். 2008-இலும் சொன்ன சொல்லுக்கும் கையில் இருந்த அதிகாரத்துக்கும் இடையில் விரிசல் விழுந்தபோதுதான் போனார். இங்கிலாந்து அணியை விட்டது வேறு விஷயம். அந்த வேலைக்குத் தான் போதவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். எல்லா ராஜினாமாவையும் ஒரே மூட்டையில் கட்டியது இரண்டாம் தரப்பின் தவறு.

*

'அப்படியானால் பழைய மேனேஜரைக் கூப்பிடவே கூடாதா?' என்று கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. லிவர்பூலைப் பாருங்கள். அங்கேயும் புதிய உரிமையாளர்கள்: 2010 அக்டோபரில் கிளப்பை வாங்கிய அமெரிக்கக் குழு. அங்கேயும் ரசிகர்களுக்குப் பிடிக்காத மேனேஜர் ஒருவர், ராய் ஹாட்சன். அங்கேயும் அரங்கம் ஒரு பழைய பெயரைப் பாடியது. 2011 ஜனவரியில் கென்னி டால்கிலிஷ் இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தார்.

டால்கிலிஷுக்கும் கீகனுக்கும் விசித்திரமான ஒரு தொடர்பு உண்டு. 1977-இல் கீகன் லிவர்பூலை விட்டு ஹாம்பர்க் போனபோது அந்த இடத்துக்கு வந்தவர் டால்கிலிஷ். 1997-இல் கீகன் நியூகாசிலை விட்டபோதும் மேனேஜராக வந்தவர் அவரே.

லிவர்பூலில் டால்கிலிஷுக்குப் பணம் கிடைத்தது. ஃபெர்னாண்டோ டோரஸை விற்ற அன்றே லூயிஸ் சுவாரெஸும் 3.5 கோடி பவுண்டுக்கு ஆண்டி கேரலும் வந்தார்கள். ஒருவர் அற்புதமாக ஆடினார், இன்னொருவர் அந்த விலைக்கு ஆடவில்லை. 2012-இல் லீக் கோப்பையை வென்றார், எஃப்.ஏ. கோப்பை இறுதியில் தோற்றார், லீகில் எட்டாம் இடம். மே மாதம் அனுப்பிவிட்டார்கள். வருத்தம் இருந்தது, ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்பு இல்லை. அடுத்த ஆண்டே இயக்குநர் குழுவில் சேர்ந்தார். 2017-இல் ஓர் அரங்கப் பகுதிக்கே அவர் பெயரை வைத்தார்கள். திரும்பி வந்தவர் தோற்கலாம். உண்மையான வேலையைச் செய்து தோற்றால் அந்த உறவு முறிவதில்லை என்பதற்கு இது உதாரணம்.

*

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம் கைமாறியது. புதிய முதலாளிகள் வந்த மூன்றாம் மாதம், முன்பு எங்கள் மென்பொருளை அடியிலிருந்து எழுதிய ஆர்க்கிடெக்டைத் திரும்ப அழைத்து வந்தார்கள். எல்லோரையும் ஒரே ஹாலில் கூட்டி அறிவித்தார்கள். நானும்தான் கைதட்டினேன், கை வலிக்கிற அளவுக்கு. வேலையை விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நான்கு பேர் அன்று மனம் மாறினோம்.

இரண்டு மாதத்தில் புரிந்துவிட்டது. அவர் எங்கள் கோடைப் படித்துக் கருத்து எழுதலாம். ஆனால் எது உள்ளே சேரும், எது சேராது என்று அழுத்தும் பட்டன் வேறு ஊரில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம். இவர் வேண்டாம் என்று எழுதிய ஒரு மாற்றம் மறுநாள் காலையில் சேர்க்கப்பட்டிருந்தது. ராத்திரி சர்வர் விழுந்தபோது போன் வந்தது இவருக்குத்தான். வருடம் முடிவதற்குள் போய்விட்டார். கிளம்புகிற அன்று, 'என்கிட்ட ஒருத்தரும் கேக்கலியேப்பா, அந்தப் பட்டன் உங்ககிட்ட இருக்கான்னு' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கீகன் கதை முழுசாகத் தெரிந்த நானும் கேட்கவில்லை. கைதட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

அதனால் நியூகாசில் ரசிகர்களைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. அவர்களுக்காக ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டுரிமை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே ரசிகன் ஓட்டுப் போடலாம். இங்கிலாந்து ரசிகனுக்கு அது கிடையாது. கிளப்பை யாரிடம் விற்பது என்று அவனை யாரும் கேட்பதில்லை. அவனிடம் இருப்பது தொண்டை ஒன்றுதான். புது முதலாளியிடம் 'எங்களை மதிப்பாயா?' என்று கேட்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, ஒரு பழைய பெயரைப் பாடுவது. அந்தப் பெயரை முதலாளி கொடுத்துவிட்டால் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். ஆஷ்லி பெயரைக் கொடுத்தார், பதிலைக் கொடுக்கவில்லை.

கீகன் போனபிறகுதான் நியூகாசில் ரசிகர்கள் வேறு மாதிரி பேசத் தொடங்கினார்கள். 2008 செப்டம்பரில் ஒரு ரசிகர் சங்கம் உருவாகி, பின்பு அறக்கட்டளையாக மாறியது. கிளப்பை நாமே வாங்க முடியுமா என்றுகூட முயன்று பார்த்தார்கள். முடியவில்லை. 2009 மே மாதம் அணி பிரீமியர் லீகிலிருந்தே இறங்கியது. இருந்தாலும் பெயரைவிட்டு நாற்காலியைப் பற்றிக் கேட்கக் கற்றுக்கொண்டது அந்தத் தோல்வியில்தான்.

கற்றுக்கொண்டது நிலைத்ததா? 2021 அக்டோபர் 7 அன்று ஆஷ்லி கிளப்பை விற்றார். வாங்கிய குழுவில் 80 சதவீதம் சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம். வாசலில் மறுபடியும் கூட்டம், மறுபடியும் கண்ணீர். அந்த விற்பனை இழுபறியில் இருந்த ஒன்றரை வருடமும் ரசிகர்கள் விவாதித்த பெயர்களில் முக்கியமான ஒன்று ரஃபா பெனிட்டெஸ். 2016 முதல் 2019 வரை ஆஷ்லியிடம் மல்லுக்கட்டி, அணியைத் திரும்ப மேலே கொண்டுவந்த மேனேஜர். அவரைக் கூப்பிடலாமா, அவருடைய ஆட்டம் புதுப் பணத்துக்குப் பொருந்துமா, இன்னும் பெரிய ஆள் வேண்டாமா என்று பேச்சு. சவூதி அரசின் மனித உரிமை நிலவரம் பற்றி ஆம்னெஸ்டி அமைப்பு கேட்ட கேள்விகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டன. கிளப்பைச் சவூதி அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டபூர்வ உறுதி வாங்கியிருப்பதாக பிரீமியர் லீக் சொன்னது. கடைசிச் சொல் யாருடையது என்ற அதே பழைய கேள்வி, இந்த முறை பல மடங்கு பெரிதாக. அதைப் பேசுவதைவிட ரஃபாவைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

பெனிட்டெஸ் வரவில்லை, அதற்குள் எவர்ட்டன் போயிருந்தார். அந்த ஊரோடு முன்பின் தொடர்பில்லாத எடி ஹாவ் வந்தார். 2025 மார்ச் 16 அன்று வெம்பிளியில் லிவர்பூலை 2-1 என வென்று, 1955-க்குப் பிறகு முதன்முறையாக உள்நாட்டுக் கோப்பை ஒன்றை எடுத்துக்கொடுத்தார். கீகனால் முடியாததை, ரசிகர்கள் யாரும் பாடாத ஒரு பெயர் செய்தது.

அந்த இரவு யூடியூபில் வெற்றிக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மனிதர்கள் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எழுபது வருடக் காத்திருப்பு. அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் குறை காண ஒன்றுமில்லை. பழைய விடுதி நண்பனுக்கு ஒரு காட்சியை அனுப்பினேன். 'இப்ப யாரு ஓனர்?' என்று பதில் போட்டிருந்தான். 2008-இல் நான் அவனுக்குச் சொல்லாமல் விட்டதும் அவன் கேட்காமல் விட்டதும் இதைத்தான்.